பறவைக் கால் வளையம்

கிளுவை என்னும் சிறு வாத்தின் காலில் பூட்டும் வளையம் நம் விரலில் அணியும் மோதிரத்தைக் காட்டிலும் சிறியது. அலுமினியத் தகட்டால் ஆனது. அதைச் சுமந்துகொண்டு இமயத்தைக் கடக்கும் பறவைக்கும் பாரமாகத் தோன்றாத அளவுக்கு இலேசானது. அதன்மேல் ஓர் எண்ணும், கண்டெடுத்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பொருள்பட இரண்டொரு ஆங்கிலச் சொற்களும் பொறித்திருக்கும். சைபீரியச் சதுப்பு நிலமொன்றில் தன் இராச்சாப்பாட்டுக்காக ஒரு வாத்தைச் சுட்ட வேட்டைக்காரன், இறகு பறிக்கும்போது இந்த வளையத்தைக் கண்டு வியந்து, அதிலுள்ள எண்ணை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புவானாகில், அந்தப் பறவை இன்ன நாளில் இன்ன ஏரியில் இருந்தது, இன்ன நாளில் இன்ன சதுப்பில் விழுந்தது என்ற இரண்டு செய்திகள் சாஸ்திரத்துக்குக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் ஊகத்துக்கு உரியது. இந்த எளிய வழக்கம் நம் தேசத்தில் வேரூன்றியதற்கு அறிவுத் தாகம் ஒன்றே காரணம் என்று நினைத்தால் அது பிழையாகும். நோயைப் பற்றிய பயம் இருமுறை வந்து பறவையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இருமுறையும் வளையமே சாட்சியாக அழைக்கப்பட்டது. அந்தச் சாட்சியம் எப்படி அமைந்தது என்பதே இங்கே சொல்லப் புகுந்த சரித்திரம்.

பறவைகள் பருவந்தோறும் வந்து போகின்றன என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. சத்திமுத்தப் புலவர் தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லியனுப்ப நாரையைத் தூதாகக் கொண்டபோது, அது தெற்கே குமரிவரை வந்து வடக்கே மீளும் பறவை என்பதை அறிந்தே பாடினார். ஆயினும் அந்த வடக்கு எத்தனை தூரத்து வடக்கு என்பதை அவர் காலத்தில் யாரும் அளந்ததில்லை. ஐரோப்பாவிலோ, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துகளில் இறகுதிர்ந்து ஒடுங்கிக் கிடக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்த அபிப்பிராயம் நெடுங்காலம் மதிப்புப் பெற்றிருந்தது. 1822-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிளூட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு வெண்ணாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில், ஆப்பிரிக்க மரத்தால் ஆன ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. ஆப்பிரிக்க வேடன் ஒருவன் எறிந்த அந்த ஈட்டியே, தான் அறியாமல், உலகில் பறவைக்குப் பூட்டிய முதல் வளையம்போல் ஆயிற்று. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்தப் பறவையைப் பதம் செய்து இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஈட்டி செய்த வேலையைத் தீங்கின்றிச் செய்ய முற்பட்டவர், டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் பள்ளி உபாத்தியாயராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன். 1890-இல் அவர் துத்தநாகத்தால் வளையம் செய்து ஸ்டார்லிங் என்னும் மைனா இனத்துப் பறவைகளுக்குப் பூட்டிப் பார்த்தார். கனம் அதிகமாக இருந்தபடியால் அதைக் கைவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899-இல், அலுமினியம் கைக்கு எட்டியபோது மீண்டும் முயன்று, 165 பறவைகளுக்கு எண்ணும் தம் ஊர்ப் பெயரும் பொறித்த வளையங்களை அணிவித்துப் பறக்க விட்டார். பின்னர் நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் வாத்துகளுக்கும் அவ்வாறே செய்தார். நம் புலவர் பறவையிடம் செய்தி சொல்லி அனுப்பினார். இந்த உபாத்தியாயரோ பறவையின் காலில் தம் விலாசத்தைக் கட்டியனுப்பி, முன்பின் அறியாத மனிதர்கள் தமக்குச் செய்தி சொல்லும்படி செய்தார். 1903-இல் பால்டிக் கடற்கரையின் ரோசிட்டன் ஆராய்ச்சி நிலையமும், 1909-இல் பிரிட்டனும் இந்த வழக்கத்தை மேற்கொண்டன.

இந்தியாவில் 1926-ஆம் ஆண்டில், மத்திய இந்தியாவின் தார் சமஸ்தானத்து மகாராஜாவின் ஆதரவில், பம்பாய்ச் சங்கத்தின் வளையங்கள் முதன்முதலாக வாத்துகளின் காலில் ஏறின. ஆனால் அது ராஜாங்க வேட்டைகளின் காலம். பரத்பூர் மகாராஜாவின் கேவலாதேவ் ஏரியில், 1938 நவம்பர் 12-ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது என்பது அந்த ஏரிக்கரையில் கல்லில் வெட்டி வைத்திருக்கும் கணக்கு. பறவைகளைக் கொன்று எண்ணுவதற்கு இருந்த பொருளும் ஆளும், உயிரோடு பிடித்து எண் பூட்டுவதற்கு அந்நாளில் கிடைக்கவில்லை. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்ற பறவையியல் பேராசிரியரிடம் பயின்று வந்த பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலிக்கு, பெருமளவில் வளையமிடும் ஒரு திட்டம் நம் நாட்டில் நடைபெற வேண்டும் என்ற ஆசை நெடுநாள் இருந்தது. அதற்கான திரவியந்தான் இல்லை. திரவியம் வந்த வழி வினோதமானது. அது ஒரு காய்ச்சலின் உருவில் வந்தது.

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, காட்டுக்குள் சுள்ளி பொறுக்கவும் மாடு மேய்க்கவும் சென்ற கிராமத்தார் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், உண்ணிகளால் பரவும் ஒரு வைரஸே அந்தக் குரங்குக் காய்ச்சலுக்குக் காரணம் என்று கண்டார்கள். அந்த வைரஸ், ருஷ்யாவிலும் சைபீரியாவிலும் மனிதரைத் தாக்கும் மூளைக் காய்ச்சல் வைரஸ்களுக்கு நெருங்கிய உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து கியாசனூருக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருகிறவர் யார்? பறவைகள்தாம். அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்ட உண்ணிகள் நோயைச் சுமந்து வந்திருக்கக் கூடாதா என்ற சந்தேகம் எழுந்தது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உதவி கிடைத்தது. 1959-இல் பம்பாய்ச் சங்கத்தின் பறவை வலசை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கட்ச் பிரதேசத்திலும் பரத்பூரிலும் பின்னர் நம் கோடியக்கரையிலும் முகாம்கள் அமைந்தன.

பறவை பிடிப்பது ஏட்டுக் கல்வியால் வரும் வித்தையன்று. பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவைப் பிடிகாரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். இன்ன வாத்து இன்ன நேரத்தில் இன்ன ஆழத்து நீரில் மேயும் என்பதைத் தந்தையிடமும் பாட்டனிடமும் கற்று, கண்ணியாலும் வலையாலும் பிடித்துச் சந்தையில் விற்று வந்த அவர்கள், இப்போது அதே கையால் பிடித்த பறவையை எண்ணிட்டு விடுவிக்கும் உத்தியோகத்தை ஏற்றார்கள். சிறு பறவைகளுக்குப் பனிவலை உண்டு. கறுப்பு நைலான் இழையால் மிக மெல்லியதாகப் பின்னிய அந்த வலையை இரண்டு மூங்கில்களுக்கு இடையே இருட்டில் கட்டிவிட்டால், பக்கத்தில் நிற்பவனுக்கும் அது கண்ணில் படாது. உப்பளத்து ஓரமாகத் தாழப் பறந்து வரும் கொசு உள்ளான் அதில் மோதி, வலையின் தொய்வுக்குள் பைபோல் விழுந்து கிடக்கும். கைவிளக்கோடு வருகிறவர், முதலில் பறவை எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று பார்ப்பார். பிறகு காலை விடுவித்து, சிறகை விடுவித்து, கடைசியில் தலையை எடுப்பார். துணிப்பையில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பதும், சிறகை அளவுகோலில் வைத்து அளப்பதும், வளையத்தைக் காலில் செருகி இடுக்கியால் விளிம்போடு விளிம்பு சேர நெருக்குவதும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கோழிக்குஞ்சினும் இளைத்ததாய், ஆர்க்டிக் பிரதேசத்துத் துந்திரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்து, வங்கக் கடல் பாக் நீரிணையாகத் திரும்பும் மூலைக்குத் தன் சிறகாலேயே வந்து சேர்ந்த அந்தப் பறவை, விரித்த உள்ளங்கையில் ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு இருளுக்குள் போய்விடும். அந்த நாளில் இதனோடு இன்னொரு வேலையும் இருந்தது: காதோரத்திலும் கண்ணோரத்திலும் ஒட்டியிருக்கும் உண்ணிகளைச் சிமிட்டாவால் எடுத்துக் குப்பியில் அடைக்க வேண்டும்.

கடிதங்கள் வந்தன. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் பல, சோவியத் ராஜ்யத்தின் நதிகளிலும் சதுப்புகளிலும் சுடப்பட்டன என்ற செய்தி வேட்டைக்காரர் மூலம் வந்து சேர்ந்தது. பறவையின் பாதை ஓரளவு துலங்கிற்று; ஆனால் அது காய்ச்சலைக் கொண்டுவந்தது என்பதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை. கியாசனூர் வைரஸ் அந்தக் காட்டின் சிறு பிராணிகளிடையேயும் அங்குள்ள உண்ணிகளிடையேயும் பழைய குடியாகவே இருந்து வந்தது. காட்டை வெட்டி வயலாக்கி, மிச்சத்தில் மாடுகளை ஓட்டியதால் உண்ணி பெருகி, மனிதனும் அதன் எதிரே போய் நின்றான் என்ற கருத்தே ஆராய்ச்சியாளரிடையே வலுப்பெற்றது. சைபீரியாவில் தேடிய குற்றவாளியின் சுவடு கடைசியில் ஊர்க் கோடாலியிடம் வந்து நின்றது. இதற்கிடையே அச்சம் வேறொரு முகம் காட்டிற்று. 1963 முதல் 1971 வரை ஆசிய நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்ட எலியட் மக்ளூர் என்பவரின் திட்டம் அமெரிக்க ராணுவத்தின் பொருளுதவியால் நடந்தது. பம்பாய்ச் சங்கத்தின் பணிக்கும் அதிலிருந்து உதவி வந்தது. கிருமி யுத்தத்துக்குப் பறவைகளைப் பயன்படுத்த ஆராய்கிறார்களோ என்ற ஐயம் 1970-களின் நடுவில் நம் பத்திரிகைகளில் எழுந்து, பாராளுமன்றக் குழுவின் விசாரணை வரைக்கும் சென்றது. பறவையின் மேலிருந்த சந்தேகம், பறவைக்கு வளையம் பூட்டியவர்கள் மேலேயே திரும்பியது காலத்தின் விசித்திரம்.

இனி, இரண்டாவது வழக்குக்கு வருவோம். அதன் பூர்வகதை கோழிக் கூட்டில் தொடங்குகிறது. 1878-இல் வட இத்தாலியில் கோழிகளை வாரிக்கொண்டு போன ஒரு கொள்ளைநோயை எட்வார்டோ பெரொஞ்சிட்டோ என்ற பண்டிதர் வருணித்தார். 1955-இல், அந்த நோயை உண்டாக்குவது இன்ஃப்ளுவென்ஸா வைரஸே என்று ஜெர்மானிய விஞ்ஞானி வெர்னர் ஷேஃபர் நிரூபித்தார். 1961-இல் தென்னாப்பிரிக்கக் கரையில் ஆலாப் பறவைகள் திரளாக மடிந்தபோது, காட்டுப் பறவை ஒன்றிலிருந்து முதன்முதலாக அந்த வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியக் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்த ராபர்ட் வெப்ஸ்டரும் கிரேம் லேவரும், கரையோரமெங்கும் கடற்பறவைகள் செத்துக் கிடப்பதைக் கண்டு, இதற்கும் இன்ஃப்ளுவென்ஸாவுக்கும் தொடர்பு உண்டோ என்று ஐயுற்று, பவளத்தீவுகளுக்குச் சென்று பறவைகளின் தொண்டையைத் துடைத்துச் சோதித்தார்கள். வாத்துகளே இந்த வைரஸின் ஆதி வீடு என்பது 1970-களில் தெளிவாயிற்று. வாத்தினிடத்தில் அது மார்புச் சளியில் வாழ்வதன்று. குடலில் வாழ்ந்து, எச்சத்தோடு நீரில் கலந்து, அதே நீரைக் குடிக்கும் அடுத்த வாத்துக்குப் போய்ச் சேர்வது. நாலு டிகிரி குளிரில் வாத்தின் எச்சத்திலே 30 நாளும், 20 டிகிரியில் ஒரு வாரமும் அது சாகாமல் இருக்கும் என்று சோதனைகள் காட்டின. பெரும்பாலும் வாத்துக்கு அதனால் தலைவலிகூட வருவதில்லை. தீங்கற்ற அந்தக் குடியிருப்பாளன், ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கூரையின் கீழ் அடைத்த பண்ணைக்குள் நுழைந்து, உடல்விட்டு உடல் தாவும்போதுதான் கொலைகாரனாக மாறுகிறான்.

அப்படி மாறியவற்றுள் ஒன்று, 1996-இல் தென்சீனத்தின் குவாங்தொங் பகுதியில் ஒரு பண்ணைத் தாராவில் அகப்பட்ட எச்5என்1. மறுவருஷம் ஹாங்காங்கில் அது 18 மனிதரைப் பற்றி ஆறுபேரைக் கொன்றது. நகரத்துக் கோழிகள் முழுவதையும் அழித்து அதை நிறுத்தினார்கள். 2005 மே மாதத்தில், திபெத்தியப் பீடபூமியின் கிங்ஹாய் ஏரியில், அதுவரை நிகழாத காட்சி ஒன்று நிகழ்ந்தது. கூடு கட்ட வந்திருந்த வரித்தலை வாத்துகளும் கடற்காகங்களும் நீர்க்காகங்களும் கழுத்து திருகித் தள்ளாடி விழுந்தன. 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. கோடையில் சைபீரியா, மங்கோலியா, இலையுதிர்காலத்தில் துருக்கி, ருமேனியா என்று நோய் மேற்கே நடந்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப்பண்ணைகள் அழிந்தன; போபால் ஆய்வகம் அதே நோய் என்று உறுதி செய்தது.

பறவை மறுபடியும் கூண்டில் ஏற்றப்பட்டது. குற்றம் சாட்டியவர்கள், நோய் சென்ற திசை பறவை செல்லும் திசை என்றார்கள். பறவைக்காகப் பரிந்தவர்கள், அது கோழி வியாபாரம் செல்லும் திசையும் அல்லவா என்று கேட்டார்கள். கோழிக்குஞ்சுகளும் முட்டைத் தட்டுகளும் கண்டம் விட்டுக் கண்டம் விமானத்தில் போகும் காலம் இது. 2004 அக்டோபரில் தாய்லாந்திலிருந்து பிரஸ்ஸல்ஸில் வந்திறங்கிய ஒரு பிரயாணியின் கைப்பைக்குள் குழலில் அடைத்த இரண்டு உயிருள்ள கழுகுகள் இருந்தன. அவற்றின் உடலில் எச்5என்1 இருந்தது. எந்தச் சிறகும் அசையாமலேயே வைரஸ் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

இந்த வாதத்தைத் தீர்க்க அலுமினிய வளையம் போதவில்லை. புறப்பட்ட இடமும் விழுந்த இடமும் மட்டும் தெரிந்தால், இடையே எந்த ஏரியில் எத்தனை நாள் தங்கிற்று என்பதை யார் சொல்வது? ஆகவே, வளையத்தின் பேரன் என்று சொல்லத்தக்க ஒரு கருவி வந்தது. சூரிய ஒளியால் இயங்கி, விண்ணிலுள்ள செயற்கைக் கோளுக்குத் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் சிறு பெட்டி. பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனத்தாரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினரும் பம்பாய்ச் சங்கத்தாரும் சேர்ந்து, 2008-ஆம் ஆண்டின் முடிவில், ஒரிஸாவின் சிலிகா ஏரியிலும் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திலும் வரித்தலை வாத்துகளைப் பிடித்து அவற்றின் முதுகில் அந்தப் பெட்டியைக் கட்டினார்கள். வெள்ளைத் தலையில் கரியால் இழுத்தாற்போல் இரண்டு பட்டைகள் கொண்ட இந்த வாத்து, பங்குனி வெயில் ஏறும்போது கூந்தன்குளத்தை விட்டுக் கிளம்பி, தீபகற்பத்தைக் கடந்து, இமயத்தின் மேலேறித் திபெத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்கிறது. தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளில், இந்த இனத்துப் பறவை ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததாகவும் பதிவாயிற்று.

பெட்டிகள் கொடுத்த சாட்சியம் இருதரப்பாரையும் முழுதாகத் திருப்தி செய்யவில்லை. மூன்று கண்டங்களில் 19 இனங்களைச் சேர்ந்த 228 நீர்ப்பறவைகளின் பாதைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், நோய் வாய்ப்பட்டும் நோய்க்குறி தோன்றாத ஒரு பறவை அதை 500 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்வது சாத்தியமே என்றார்கள். ஆனால் ஒரு பறவையின் ஆண்டில் அதற்கு வாய்ப்பான நாட்கள் சராசரியாக ஐந்து முதல் பதினைந்துதான் என்றும் சொன்னார்கள். அதாவது, நெடுந்தூர ஓட்டத்தை ஒரே பறவை ஓடி முடிப்பதில்லை; அஞ்சல் குதிரைபோல் ஏரிக்கு ஏரி ஆள்மாறி ஓடினால்தான் முடியும். அதன் பிறகு, 2014-இல் கொரியாவில் காட்டு வாத்துகளிடையேயும் காணப்பட்ட எச்5என்8 என்ற வைரஸ் அதே ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தலைகாட்டியபோது, சைபீரியாவின் ஈன்புலங்களில் பல திசைப் பறவைகள் கலக்கும் இடமே அதன் சந்தி என்று வைரஸின் மரபுத்தடம் காட்டிற்று. இம்முறை பறவைக்காகப் பரிந்தவர்களும் மறுத்துரைக்க முடியவில்லை. 2020-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணைக்கட்டு ஏரியில் வரித்தலை வாத்துகள் செத்து மிதக்கத் தொடங்கின. சில வாரங்களில் ஏறத்தாழ 5,000 பறவைகள் மாண்டன. சுமந்து வருபவை என்று குற்றம் சாட்டப்பட்டவையே இத்தனை பெருந்தொகையாக மடிவதைக் கண்டால், குற்றவாளி யார், பலியானவர் யார் என்று பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை.

ஆக, முதல் வழக்கில் வளையம் பறவையைக் குற்றமற்றதென விடுவித்தது. இரண்டாவதில் அவ்வாறு விடுவிக்கவில்லை; பண்ணையில் பிறந்த கேடு பறவையிடம் தொற்றிய பின், பறவையும் அதைச் சுமக்கிறது என்றே சொல்லிற்று. ஆனால் இரண்டு வழக்கிலும் ஒன்று பொது. தொலைதூரத்துச் சதுப்பில் விடை தேடிப் போனவர்களை, அது நம் வீட்டுக் கொல்லைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கீழே விழும் குஞ்சை எடுத்து வளர்ப்பதும், பறவை வராத ஆண்டைக் கெட்ட ஆண்டு என்று நினைப்பதும் அவ்வூரார் வழக்கம். கோடையில் குளம் வற்றியதும், பறவை எச்சம் ஊறிய வண்டலை அவர்கள் வெட்டி எடுத்து வயலுக்கு உரமாக இடுகிறார்கள். அதே எச்சத்தைத்தான் ஆராய்ச்சிக்காரர், பஞ்சு சுற்றிய குச்சியால் பறவையின் வால்புறத்திலிருந்து துடைத்தெடுத்து, குப்பியில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். உழவன் அதில் விளைச்சலைக் காண்கிறான். வைத்தியன் வியாதியைத் தேடுகிறான். இருவருடைய தேடலுக்கும் இடம் கொடுத்துவிட்டு, பங்குனி வந்ததும் வாத்து வடக்கே கிளம்புகிறது.